கானான் எந்தப் பக்கம்

மலேசியாவில், கேமரன் மலையில் கானான் என்று ஓர் ஊர் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத அந்த ஊரைத் தேடிப் போய் ஒரு மத்தியானம் முழுக்க நான் தேயிலைக்குள் தொலைந்துபோனேன். அறுபது வயதில், முப்பத்தாறு வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் செய்கிற காரியமா என்று கேட்டால், செய்துவிட்டேன், என்ன பண்ண.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. என் தங்கை லில்லியைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். அவள் வீட்டுக்காரர் மணியம் அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் மெஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. குடியிருப்பது வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீடு. ஆபீஸ் குமாஸ்தாவை அங்கே இன்றைக்கும் கிராணி என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கிராணி சொல்லிவிட்டார்: நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தால் வீடு லில்லிக்கே, இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை காலையில் பதில்.

நான் போய் இறங்கியது வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை ஊர் திரும்ப இரண்டு டிக்கெட் என் கைப்பையில் இருந்தது. டிக்கெட் போடப் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோது அனுப்பினாள். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. முப்பத்தொரு வருஷம் கழித்தும் அவள் கையில் இருப்பது நம் நாட்டுப் பாஸ்போர்ட்தான் என்பதைப் பார்த்தேன். அதையே நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

மலைப்பாதை என் குடலைக் கலக்கிவிட்டது. பாளையங்கோட்டையில் இருந்து குற்றாலம் போய் வருவதைப் பெரிய பயணமாக நினைக்கிறவள் நான். நாற்பதாவது வளைவுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த சீனத்து அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையைத் துழாவி உப்பும் புளிப்புமாக ஓர் உலர்ந்த பழத்தை எடுத்து என் வாயிலேயே வைத்துவிட்டார். பேச்சு இல்லை, சிரிப்பும் இல்லை. நானும் குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டேன். அப்படியும் கடைசி வளைவில் வாந்தி வந்துவிட்டது.

பஸ் நிலையத்தில் லில்லி ஒரு லாரியோடு வந்து நின்றாள். கோலா தெர்லாவில் இருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிற லாரி. ஓட்டுகிறவர் கணேசன், அவளுக்கு அடுத்த வீட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம்.

"பசியாறிட்டியாக்கா?" என்றாள் லில்லி.

"சாப்பிட்டியான்னு கேளுட்டி. அது என்ன பசியாறுறது?"

"இங்க அப்படித்தான்லா."

முப்பத்தொரு வருஷம் கழித்துப் பார்க்கிற அக்காவும் தங்கையும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது. கட்டிப்பிடித்து அழுவோம் என்று நினைத்துத்தான் கைக்குட்டையை இடுப்பில் செருகி வந்திருந்தேன். அவள் தலை நரைத்திருந்தது. முழங்கை வரைக்கும் வெயிலில் கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வழியில் கணேசன் போனில் யாரிடமோ, "சிம்பாங்ல நில்லு, வந்துர்றேன்" என்றார். சிம்பாங் என்றால் என்ன என்று கேட்டேன். ரோடு பிரிகிற இடம் என்றாள் லில்லி. மலாய் வார்த்தை. மனதில் எழுதிக்கொண்டேன். வாத்தியார் புத்தி, ஒரு வார்த்தையைப் படித்தால் மொழியே தெரிந்துவிட்டது போல ஒரு மிதப்பு.

அன்று சாயங்காலம் சோறும் சார்டின் மீன் சம்பாலும் வைத்தாள். உறைப்பு உச்சந்தலைக்கு ஏறியது. சுற்றிலும் தேயிலை, கண்ணுக்கு எட்டியவரை தேயிலை. இவள் வீட்டில் குடிப்பது கடையில் வாங்கின பொட்டலத் தூள். பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் கறுப்பாக ஊற்றிக் கொடுத்தாள். சுவரில் இயேசு படமும் முனியாண்டி சாமி படமும் ஒரே ஆணி வரிசையில் தொங்கின. நடுவில் மணியம், மாலையோடு. எதையும் குறை சொல்லக் கூடாது என்று விமானத்திலேயே எனக்கு நானே கட்டளை போட்டிருந்தேன்.

"என்ன முடிவு பண்ணியிருக்கட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

"பாக்கலாம்லா" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளோடு கியா பார்ம் போனேன். சாலை ஓரம் வரிசையாகக் காய்கறிக் கடைகள். கணவர் போன பிறகு அங்கே ஒரு கடையில் வாரம் மூன்று நாள் நிற்கிறாள். சோளம், தேன், ஸ்ட்ராபெரி, வெண்டைக்காயைவிடச் சின்னதாக இருக்கிற கேரட். கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நகராமல் நின்றன. கண்ணாடியை இறக்கிக் காரில் இருந்தபடியே பேரம் பேசினார்கள். ஒரு மலாய்க்காரப் பெண் ஏதோ கேட்க, லில்லி பதில் சொல்ல, கடையே சிரித்தது. என்ன என்று கேட்டேன். "பழம் இனிக்குமான்னு கேட்டாக்கா. தின்னு பாரு, புளிச்சா உன் மாமியாருக்குக் குடுன்னு சொன்னேன்" என்றாள்.

இவள் வாயில் இருந்தா இது? எங்கள் வீட்டில் நான்தான் வாயாடி. இவள் பேசாமடந்தை. அப்பா கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள், தன் அம்மாவின் கண் ஆப்பரேஷனுக்காக எங்கள் எதிர்வீட்டு மாடியில் இரண்டு மாதம் தங்கியிருந்த மலேசியாக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னாள் பாருங்கள், வீடே இடிந்துபோயிற்று. அப்பா கடைசிவரை அவள் பெயரைச் சொல்லவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கும் அவளுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான்தான் கடிதம் எழுதினேன். ஏழு வருஷம் தயங்கிவிட்டு எழுதினேன்.

கடையில் மத்தியானம் இன்னொரு தடவை கேட்டேன். தக்காளியை அடுக்கிக்கொண்டே, "சனிக்கிழம நாத்துப் பண்ணைக்குப் போவோம். பாத்துட்டுப் பேசுவோம்" என்றாள். சாவியைக் கொடுக்கப் போகிறவள் எதற்குப் பண்ணையைக் காட்ட வேண்டும்? அன்று படுக்கும் முன் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, எனக்கு ஓர் அடையாளம் காட்டும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டும் என்று கேட்டேன். எனக்கு வேண்டிய பதிலை நானே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் அவரிடம் நீட்டினேன் என்பது இப்போது புரிகிறது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏறினோம். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. லில்லி முன்னால், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. தூரத்தில் திரிங்காப் பக்கத்துப் பூந்தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் மின்னின. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கறுப்பு வலை போட்ட பந்தலுக்கு அடியில் நாற்றுகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சின்னக் குச்சி, ஒரே ஓர் இலை.

லில்லி குனிந்து ஒரு பையைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைக் கவனித்தேன். பத்து வயதில் பூனைக்குட்டியைத் தூக்கி வந்தபோது இருந்த முகம்.

"ஒத்த இலையோட வெட்டி வச்சா வேரு புடிச்சுக்கும்க்கா. பத்து மாசத்துல வெளிய நட்டுரலாம்."

"நாத்துன்னா பிடுங்கி நடத்தானட்டி? இங்க இருந்து பிடுங்கினா அங்க போயும் வேர் பிடிக்கும்" என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக நினைப்பு.

"ஒருவாட்டிதான்க்கா. மரமா ஆனப்புறம் புடுங்கினா செத்துரும்."

கோபம் சுர்ரென்று ஏறியது. ஆறாயிரம் தடவை அடக்கி வைத்த வாய். "உனக்கு எப்பவுமே முடிவெடுக்கத் தெரியாதுட்டி. எடுத்த ஒரே முடிவும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். நிறுத்தியும் பிரயோஜனம் இல்லை.

"சொல்லு. எடுத்த ஒரே முடிவும் தப்புன்னு சொல்லு." பையைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயரவே இல்லை. "கல்யாணத்தன்னிக்கி ரெஜிஸ்டர் ஆபீஸ்ல மூணு சாட்சி வேணும்னாங்க. ரெண்டு பேரு அவரு பக்கம் இருந்தாங்க. மூணாவது நீ வருவேன்னு பதினோரு மணி வரைக்கும் வாசல்லயே நின்னேன்க்கா. கடைசியில எதுத்தாப்புல இருந்த டீக்கடைக்காரரக் கூட்டிட்டு வந்தாரு. பேரு கூட தெரியாது. அவருதான் கையெழுத்துப் போட்டாரு."

எனக்குத் தெரியும். அன்று நான் சேலை மாற்றி வாசல் வரைக்கும் வந்தேன். நீயும் போய்விட்டால் எனக்கு இரண்டு பிள்ளையும் இல்லை என்றார் அப்பா. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். இதை அவளிடம் இந்த முப்பத்தொரு வருஷத்தில் சொன்னதில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "நான் வீட்டுக்குப் போறேன்" என்று திரும்பி நடந்துவிட்டேன். அக்கா அக்கா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். கேட்காதது போல இறங்கினேன்.

ஏறின பாதையை விட்டுவிட்டு லாரிப் பாதையில் இறங்கியது முதல் தப்பு. கொஞ்ச தூரத்தில் கணேசனின் லாரியே எதிரே ஏறி வந்தது.

"என்னம்மா தனியா வர்றீங்க? அக்கா எங்க?"

"அவ வருவா. வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

"நேரா போங்க. அரக் கிலோமீட்டர்ல சிம்பாங் வரும். கானான் எடுங்க, லைன் வீட்டுக்கே வந்துருவீங்க. நானே விட்டுருவேன், மேல லோடு ஏத்தணும்மா. மழ வேற வருது லா. கானான், மறந்துராதீங்க."

லாரி போய்விட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. கானான். ஆண்டவர் தம் ஜனத்துக்கு வாக்குக் கொடுத்த தேசம். ஞாயிறு பள்ளியில் முப்பது வருஷம் படம் வரைந்து காட்டிய தேசம். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக்கு வைத்த பெயராக இருக்கும். எப்படி வந்த பெயராக இருந்தாலும், நான் கேட்ட அடையாளம் இது. அழுகை வந்துவிட்டது.

ரோடு பிரிகிற இடம் வந்தது. பலகை எதுவும் இல்லை. வலது பக்கம் குறுகலான பாதை. சேறு, உடைந்த குழாய், ஓரத்தில் நாற்றமடிக்கிற சாக்கடை. இடது பக்கம் அகலமான செம்மண் சாலை, மேலே ஏறி, வெயில் படுகிற பச்சை மலைக்குள் போயிற்று. இதில் எது கானான் என்று யோசிக்க வேறு வேண்டுமா? இடுக்கமான வழியே ஜீவனுக்குப் போகிற வழி என்று பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைத்தவள், அகலமான சாலையில் விறுவிறுவென்று ஏறினேன்.

கால் மணி நேரத்தில் வெயில் போய்விட்டது. யாரோ விளக்கை அணைத்த மாதிரி. வெள்ளையாகப் பனிமூட்டம் பள்ளத்தில் இருந்து ஏறி வந்தது. சாலை ஒரு கொட்டகையோடு முடிந்தது. அங்கே வங்காளதேசத்துக்காரர் ஒருவர் இலை மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. இருந்தாலும் கேட்டேன், "கானான்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒரு கையைத் தூக்கி, தட்டிக் காட்டி, "கானான்" என்றார். மறு கையைத் தூக்கி, "கீரி" என்றார். முதல் கை நீண்ட பக்கம் தேயிலைக்குள் ஒரு தடம் இருந்தது. அதுதான் கானான். மறுபக்கம் கீரிப்பிள்ளை இருக்கிறதாக்கும், போகாதே என்கிறார் நல்ல மனுஷன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தேன். பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டார். கையாட்டிவிட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு மழை. பெரிய மழை இல்லை, விடாத மழை. தேயிலைச் செடி இடுப்பளவுதான், ஒதுங்க முடியாது, பிடித்தால் கையைக் கீறும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வரிசை. போனை எடுத்தேன், சிக்னல் கோடே இல்லை. பத்தடிக்கு அப்பால் வெள்ளை. தடம் எங்கே விட்டுப்போனது என்று தெரியவில்லை. லில்லி என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பக்கத்தில் விழுந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நடந்தேனோ. கால் வழுக்கி உட்கார்ந்தபோது கைக்குக் கீழே பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. பெரிய நீல விரிப்பு, சரிவில் கீழே போய்ப் பனிக்குள் மறைந்தது. இப்படி விரிப்பு எதற்குப் போடுவார்கள் என்று வியாழக்கிழமை லாரியில் இருந்து பார்த்து நானே கேட்டிருந்தேன். மண் சரிந்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கப் போடுவது என்று கணேசன் சொல்லியிருந்தார். அப்படியே உறைந்துவிட்டேன். எழுந்திருக்கப் பயம், உட்காரப் பயம். இங்கேயே செத்துப்போனால் இவள் அல்லவா என்னை அடக்கம் பண்ண வேண்டும், பாவம், எட்டு மாதத்தில் இரண்டாவது என்று நினைத்தேன். ஆண்டவரிடம் அடையாளம் எல்லாம் கேட்கவில்லை. லில்லி வரணும், லில்லி வரணும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது கேட்டது. "எஸ்தரக்கா!"

எதிரே, கொஞ்சம் கீழே இருந்து. பனி ஒரு நிமிஷம் விலகியது. சரிவுக்கு அந்தப் பக்கம் லில்லி நின்றாள், தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு. அவள் பின்னால் கணேசன்.

"இங்க இருக்கேன்ட்டி!"

"அக்கா, கானான்! கானான் பக்கம் வா!"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அந்தக் கானான் எங்கதான்ட்டி இருக்கு?"

கணேசன்தான் புரிந்துகொண்டார். "வலதும்மா! கானான்னா வலது பக்கம்!"

வலது. இவ்வளவுதானா? நான் எழுந்து, என் வலது பக்கம் ஒரு கால் எடுத்து வைத்தேன். விரிப்புக்கு அடியில் மண் இளகியது. சின்னக் கற்கள் உருண்டு போகிற சத்தம் கேட்டது. நின்ற சத்தம் கேட்கவில்லை.

"நில்லு!" லில்லியின் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அசையாத! எனக்கு வலதுக்கா, எனக்கு! ஒனக்கு எடது! நிக்கிற எடத்துலயே நில்லு, நான் வாறேன்!"

நின்றேன். அந்த ஈர மண்ணில், ஒரு காலை மடக்கி, தேயிலைக் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் வகுப்பறை ஞாபகத்துக்கு வந்தது. ஒன்றாம் வகுப்புக்கு முதல் வாரமே வலது கை, இடது கை சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்து நின்றுகொண்டு வலது கையைத் தூக்கினால் அத்தனை பிள்ளையும் இடது கையைத் தூக்கும். அதனால் நான் திரும்பி, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, அவர்கள் பார்க்கிற பக்கமே நானும் பார்த்து நின்று கையைத் தூக்குவேன். முப்பத்தாறு வருஷம். புதிதாக வருகிற டீச்சர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் கூடப் பிறந்தவளிடம் மட்டும் எதிரே நின்றுகொண்டு, இதுதான் உனக்கு வலது, இதுதான் உனக்கு வலது என்று கையைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

லில்லி வடிகாலைப் பிடித்து ஏறி வந்தாள். லொங்காங் என்கிறார்கள் அதை. சிமெண்ட் போட்ட வடிகால், அதற்கு ஓரத்தில்தான் மண் உறுதியாக இருக்குமாம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கை எட்டியதும் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

"கூறு இருக்கா ஒனக்கு? அறுவது வயசாச்சு, வழி தெரியாத ஊர்ல கோவிச்சுட்டு வாறா, துப்புக்கெட்டவ. நீ உருண்டு போயிருந்தா நான் யாருட்டப் போய்ச் சொல்ல? நம்ம வீட்டுல இனி யாரு இருக்கா?"

மூன்று நாளில் முதல் தடவையாக அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. திட்டிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். கணேசன் கீழே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்து, இஞ்சி தட்டிப் போட்ட கறுப்புத் தேநீர் குடித்து முடித்த பிறகுதான் கானான் கதையைச் சொன்னேன். கீரிப்பிள்ளையையும் சொன்னேன். கீரி என்றால் இடது பக்கமாம். லில்லி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகவில்லை. என் முழங்கால் வீங்கியிருந்தது. காலையில் அவள் வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நொண்டிக்கொண்டு போய், எதிரே உட்காராமல், அவள் பக்கத்தில், அவள் பார்க்கிற பக்கமே பார்த்து நின்றேன். தொழிற்சாலைத் தகரக் கூரை தெரிந்தது. அவர் விழுந்த இடம். அதற்கு மேலே நாற்றுப் பண்ணையின் கறுப்பு வலை. சாலையில் போன மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர், "லில்லியக்கா, பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வீட்டில் கணேசனின் மனைவி சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தது. என் வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியும்? எதிர்வீட்டுப் பூட்டு தெரியும்.

"உனக்காக வந்தேன்னு சொன்னேன்லா. பொய்யிட்டி" என்றேன். "எனக்காகத்தான் வந்தேன். ராத்திரி கரண்டு போனா எனக்குப் பயமா இருக்கு. தனியா கெடந்து செத்துருவேனோன்னு இருக்கு. அதான் உன்னக் கூட்டிட்டுப் போகணும்னு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்க்கா" என்றாள். பிடியை விடாமல், "எனக்கும் பயந்தான்" என்றாள்.

அன்றைக்கு வாசலில் நின்று சொன்னேன், ரெஜிஸ்டர் ஆபீஸ் நாள் காலையில் நான் செருப்பைக் கழற்றியதை. கேட்டுக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. டிக்கெட் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. என்ன முடிவு என்று நான் கேட்கவும் இல்லை. கேட்காமல் ஒரு நாளை ஓட்டுவது எனக்கு எவ்வளவு பெரிய பாடு என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திங்கட்கிழமை காலையில் தலை சீவி, வீட்டுச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாக்கா" என்றாள். ஆபீஸ் வரைக்கும் அந்தச் சாவி அவள் விரலில் ஆடிக்கொண்டே வந்தது. எனக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கொடுத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை என் பக்கத்து சீட்டில் இவள் இருப்பாள். அதற்கு ஆசைப்பட்டேன். அன்று காலையிலும் ஆசைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

உள்ளே கிராணி, கண்ணாடி போட்ட ஒல்லியான மனுஷர், இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். "சாவி ஒப்படைக்கிறதா, வேலைக்கு வர்றதா? எதுன்னு சொல்லுங்க லில்லிம்மா."

லில்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பா எதையாவது கேட்டால் பதிலுக்கு என் முகத்தைத்தான் பார்ப்பாள். நான் எழுந்து அவள் பக்கத்தில் போய், அவளைப் போலவே மேஜையைப் பார்த்து நின்றேன்.

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வேலைக்கு வர்றேங்க."

கையெழுத்துப் போட்டாள். கிராணி தாளைத் திருப்பிப் பார்த்து, கீழே காலியாக இருந்த கோட்டைத் தட்டினார். "இங்க இன்னொருத்தர் போடணும். கூட வந்தவங்க யாரு வேணும்னாலும் போடலாம்."

மலாயில் அச்சடித்த தாள். ஒரு வரியும் புரியவில்லை. அந்தக் கோட்டுக்கு மேலே இருந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். சாக்சி.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. பேனாவைக் கானான் கையில் பிடித்து, முப்பத்தொரு வருஷம் தாமதமாக, என் தங்கைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.